சிதறிய எழுத்துகளில் சின்னச் சொற்களைப் பிடிப்பது எப்படி?

ஏ, இ, ஆர், எஸ், டி. ஐந்தே எழுத்து. ஒரு சொல்லுக்குள் ஓர் எழுத்தை ஒரு தடவைக்கு மேல் தொடக்கூடாது. எல்லா எழுத்தையும் பயன்படுத்தியாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இதற்குள் எத்தனை ஆங்கிலச் சொற்கள் என்று கேட்டால், பெரும்பாலோர் பத்துப் பன்னிரண்டு எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுகிறார்கள். எழுத்து வில்லைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் கட்டும் ஸ்கிராபிள் ஆட்டத்தின் சொற்பட்டியலை வைத்து எண்ணினால் ஐம்பதைத் தாண்டும். அதில் ஏறக்குறைய முப்பது, பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சொற்கள். ஆகவே ஆங்கிலம் போதவில்லை என்று யாரும் நொந்துகொள்ள வேண்டாம். தேடும் விதத்தில்தான் கோளாறு.

மெய்ப்புப் பார்ப்பது என் பிழைப்பு. அச்சுக்குப் போகும் பக்கங்களில் எழுத்துப் பிழை பொறுக்குகிற வேலை. அதில் வாசிக்கக்கூடாது, பார்க்க வேண்டும். வாசித்தால் மனம் பிழையைத் தானாகவே திருத்திக்கொண்டு அடுத்த வரிக்கு ஓடிவிடும். எழுத்துகளைக் கலைத்துச் சொல் தேடும் விளையாட்டிலும் இதே கதைதான். காதால் தேடுகிறவர் சீக்கிரம் களைத்துப்போகிறார். கண்ணால் தேடுகிறவர் எழுதிக்கொண்டே போகிறார். இங்கே நான் சொல்லப்போவது முழுக்கக் கண்ணுக்கான வழிமுறை.

அதற்கு முன் ஒரு சிறு ஏற்பாடு. தமிழில் எழுதும்போது ஆங்கிலத்தின் நான்காவது எழுத்தும் இருபதாவது எழுத்தும் 'டி' என்றே ஆகிவிடுகின்றன. இந்தக் கட்டுரையில் 'டி' என்றால் எப்போதும் யு-வுக்கு முந்தியதுதான். குழப்பம் வேண்டாம் என்று நான்காவது எழுத்தை உள்ளேயே விடவில்லை.

காது காலை வாரிவிடும் இடம்

டி, டபிள்யூ, ஓ என்ற மூன்று எழுத்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். 'டூ' உடனே வந்துவிடும், இரண்டு என்ற எண். அதே எழுத்துகளில் 'டோ' இருக்கிறது. பழுதான வண்டியைக் கயிறு கட்டி இழுப்பது. 'டூ, டூ' என்று எத்தனை முறை சொல்லிப் பார்த்தாலும் 'டோ' காதில் விழாது. டபிள்யூ, எச், ஓ: 'ஹூ' என்பதும் 'ஹௌ' என்பதும் இதே மூன்றுதான். ஓ, டபிள்யூ, என்: 'ஓன்', 'நவ்', 'வன்' (வென்றான் என்ற பொருளில்). எல்லாவற்றையும்விடக் குறும்பான கூட்டம் ஓ, என், இ. ஒன்று என்ற எண்ணும், 'ஈயான்' என்ற நீண்ட யுகமும், புதிய என்று பொருள்படும் 'நியோ'வும் அதில் அடக்கம். ஒன்றின் ஒலிக்கும் இன்னொன்றின் ஒலிக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

நமக்கு இது கூடுதலாக இடிப்பதற்குக் காரணம் உண்டு. தமிழில் உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய்யாக ஒரே எழுத்தாகிவிடுகின்றன. 'ஸீட்' என்று கேட்டால் நம் மனத்தில் பதிவது 'ஸீ', 'ட்' என்ற இரண்டே துண்டு. ஆங்கிலத்தில் அது நான்கு துண்டு: எஸ், இ, ஏ, டி. இரண்டாகக் கட்டிவைத்த மூட்டையைப் புரட்டினால் வேறெதுவும் வராது. கட்டை அவிழ்த்து நான்காகப் பரப்பினால் 'ஈஸ்ட்' (கிழக்கு), 'ஈட்ஸ்' (உண்கிறாள்), 'டீஸ்' (தேநீர் வகைகள்), 'ஸேட்' (திகட்டத் திகட்டக் கொடு) எல்லாம் அதே நான்கிலிருந்து எழுந்து வருகின்றன.

என் அக்கா மகளுக்கு வாய்விட்டு முணுமுணுத்துத் தேடும் வழக்கம். பல்லிடுக்கில் பென்சிலைக் கவ்விக்கொண்டு விளையாடச் சொன்னேன். கிண்டலாகத்தான் சொன்னேன், ஆனால் பட்டியல் நீண்டது. நீங்களும் செய்து பாருங்கள், யாரும் பார்க்காதபோது.

காகிதத்தில் முதல் வேலை

எழுத்துகளை அவை கொடுக்கப்பட்ட வரிசையிலேயே வெறித்துக்கொண்டு உட்காரக்கூடாது. இடப்பக்கம் உயிர், வலப்பக்கம் மெய் என்று பிரித்து எழுதுங்கள். நம் தொகுப்பில் ஏ, இ ஒருபுறம். ஆர், எஸ், டி மறுபுறம். ஒய் வந்தால் இரண்டுக்கும் நடுவில் வையுங்கள். அது 'யெஸ்' என்பதில் மெய். 'ட்ரை', 'ஸ்கை' போன்றவற்றில் உயிர், அங்கே வேறு உயிரே கிடையாது. போட்டிகளில் ஆடும் ஸ்கிராபிள்காரர்கள் எழுத்துகளை அகரவரிசையில் அடுக்கிக்கொண்டு அதற்கு 'ஆல்ஃபாகிராம்' என்று பெயர் சொல்வார்கள். ஏழெட்டு எழுத்துச் சொற்களை மனப்பாடம் செய்ய அது நல்ல வழி. குறுஞ்சொற்களுக்கு உயிர், மெய் பிரிப்பே எனக்குத் தோதாக இருக்கிறது.

மூன்றெழுத்தில் தொடங்குங்கள். இரண்டெழுத்து கண்ணில் பட்டால் ஓரமாகக் குறித்துக்கொள்ளலாம். அதைத் தேடிப் போக வேண்டாம். மூன்றெழுத்துச் சொற்கள் சில அச்சுகளில்தான் வார்க்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வோர் அச்சாக எடுத்து நிரப்ப வேண்டும்.

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது மெய், உயிர், மெய். நடுவில் ஏ வைத்தால் ஆறு கூட்டு, இ வைத்தால் ஆறு கூட்டு, ஆக 12. அந்தப் பன்னிரண்டில் அன்றாடப் பேச்சில் புழங்குபவை நான்கு: 'ராட்' (எலி), 'டார்' (தார்), 'ஸாட்' (உட்கார்ந்தான்), 'செட்'. மற்றவற்றில் சில ஸ்கிராபிள் பட்டியலில் மட்டும் உயிர்வாழ்பவை.

இந்த அச்சோடு நின்றுவிடுவதுதான் பலருடைய வழக்கம். அடுத்த அச்சைப் பாருங்கள்: உயிர், மெய், உயிர். முன்னால் ஏ, பின்னால் இ என்று வைத்து நடுவில் மூன்று மெய்களையும் ஒவ்வொன்றாகப் போடுங்கள். பிறகு முன்னும் பின்னும் மாற்றுங்கள். ஆகக்கூடி ஆறே கூட்டு. அதில் நான்கு சொல் தேறுகிறது: 'ஆர்' (இருக்கிறார்கள்), 'ஏட்' (உண்டான்), 'எரா' (ஒரு காலகட்டம்), 'ஈட்டா' (கிரேக்க எழுத்து ஒன்று). பன்னிரண்டில் நான்கு எங்கே, ஆறில் நான்கு எங்கே! உழைப்புக்குக் கூலி இந்த அச்சில்தான் அதிகம்.

இரண்டு உயிர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது மூன்றாவது அச்சு. இ-ஏ என்ற ஜோடியை ஒரே துண்டாக நினைத்து, அதற்குப் பின்னால் ஒரு மெய்: 'இயர்' (காது), 'ஈட்' (உண்). முன்னால் ஒரு மெய்: 'ஸீ' (கடல்), 'டீ'. ஆங்கிலத்தில் இப்படி ஒட்டித் திரியும் உயிர் ஜோடிகள் இ-ஏ, ஓ-ஏ, ஏ-ஐ, ஓ-யு, இ-இ, ஓ-ஓ என்று ஒரு சிறு கூட்டம். உங்கள் தொகுப்பில் எந்த ஜோடி இருக்கிறது என்று முதலிலேயே பார்த்து வட்டமிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உயிருக்குப் பின் இரண்டு மெய் வரும் அச்சில் நமக்கு உருப்படியாகக் கிடைப்பது 'ஆர்ட்' மட்டும்.

தமிழ்க் கண்ணுக்குத் தெரியாத இரண்டு இடங்கள்

தமிழ்ச் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது. நம் நாக்கும் அதை ஏற்காது. 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' ஆக்கிக்கொண்டுதான் சமாதானமடையும். அந்தப் பழக்கம் தேடலிலும் கை வைக்கிறது. எஸ்-டி என்று இரண்டு மெய்யை முதலில் வைத்துப் பார்க்கவேண்டும் என்றே நமக்குத் தோன்றுவதில்லை. வேண்டுமென்றே வையுங்கள்: 'ஸ்டார்' வந்துவிட்டது. பின்னால் இ சேர்த்தால் 'ஸ்டேர்' (முறைத்துப் பார்), ஐந்தெழுத்தும் தீர்ந்தன. எஸ்-டி, டி-ஆர், எஸ்-எல், பி-எல், சி-எச், டி-எச், எஸ்-எச் போன்ற ஜோடிகள் தொகுப்பில் இருந்தால் அவற்றை முதலில் நிறுத்தி எழுதிப் பார்ப்பது கட்டாயப் பாடம்.

அதேபோல நம் சொற்கள் வல்லின மெய்யில் முடிவதில்லை. 'ரேட்டு', 'சீட்டு' என்று ஓர் உகரத்தைத் துணைக்கு அனுப்பிவைப்போம். ஆங்கிலத்தில் டி, கே, பி என்று வெடுக்கென்று முடியும் சொற்களே ஏராளம். இரண்டு மெய் சேர்ந்தும் முடியும்: 'ரெஸ்ட்', 'ஈஸ்ட்', 'ஆர்ட்'. எஸ்-டி, ஆர்-டி, என்-டி, எல்-டி ஆகியவற்றைக் கடைசியில் வைத்து ஒருமுறை ஓட்டுங்கள்.

நான்கெழுத்துக்கு ஒட்டுவேலை போதும்

நான்கெழுத்தைப் புதிதாகத் தேட வேண்டாம். கையிலுள்ள மூன்றெழுத்துகளை வைத்தே பெருக்கலாம்.

எஸ் இருந்தால் கொண்டாட்டம்தான். பெயர்ச்சொல்லின் பின்னால் ஒட்டினால் பன்மை, வினையின் பின்னால் ஒட்டினால் 'அவன் செய்கிறான்' என்ற வடிவம். ராட்ஸ், ஆர்ட்ஸ், இயர்ஸ், எராஸ், ஈட்ஸ், டீஸ் என்று வரிசையாக எழுதிக்கொண்டே போகலாம். 1930-களில் ஸ்கிராபிள் ஆட்டத்தை உருவாக்கிய ஆல்ஃபிரெட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர், நாளிதழ்ப் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணித்தான் வில்லைகளின் எண்ணிக்கையை முடிவுசெய்தார். மொத்தம் 100 வில்லைகளில் இ மட்டும் 12. எஸ் வெறும் நான்கு. பன்மை போட்டே ஆட்டத்தை முடித்துவிடக்கூடாது அல்லவா! ஆகவே ஸ்கிராபிளில் எஸ்ஸை அற்பக் காரியத்துக்குச் செலவழிப்பவரைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். காகித விளையாட்டில் அந்தக் கஞ்சத்தனம் தேவையில்லை. பின்னால் ஒட்டிய பிறகு முன்னாலும் ஒட்டிப் பாருங்கள். 'டார்' ஸ்டார் ஆகும். 'இயர்' முன்னால் எஸ் வந்தால் 'ஸியர்' (சூட்டில் கருக்கு). இந்த முன்னொட்டை மறந்துவிடுகிறவர்களே அதிகம்.

அடுத்த ஒட்டு, கடைசியில் சத்தமில்லாமல் நிற்கும் இ. மெய், உயிர், மெய் அச்சில் அமைந்த சொல்லின் பின்னால் இது வந்தால் தான் ஒலிக்காமல் நடுவிலுள்ள உயிரை நீட்டிவிடும். ராட், ரேட் ஆகிறது. 'டார்', 'டேர்' ஆகிறது. எடை போடும்போது கழித்துக்கொள்ளும் காலிக் கலத்தின் எடைக்கு அந்தப் பெயர். வேறு தொகுப்புகளிலும் இதே வித்தைதான்: ஹாப் – ஹோப், பின் – பைன், கட் – க்யூட், நாட் – நோட், வின் – வைன். உங்கள் தொகுப்பில் இ இருக்கிறது என்றால், மூன்றெழுத்துப் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றின் பின்னாலும் அதைப் பொருத்திப் பாருங்கள். ஒலி மாறிவிடுவதால் காதால் தேடுபவருக்கு இது ஒருபோதும் அகப்படாது.

பிறகு கிடைத்த ஒவ்வொரு நான்கெழுத்தையும் கலைத்துவிட்டு மறுபடி அடுக்க வேண்டும். ஒரு சொல் கிடைத்துவிட்டால் மனம் அதைச் சிமென்ட் பூசி இறுக்கிவிடும். அந்த நான்கெழுத்துக்கு 24 வரிசைகள் உண்டு என்பதே மறந்துபோகும். கண்ணீரைக் குறிக்கும் 'டியர்' கிடைத்ததா? அதிலேயே ரேட் இருக்கிறது, டேர் இருக்கிறது. போதாக்குறைக்கு, அதே எழுத்து வரிசையைக் கிழி என்ற பொருளில் வேறு மாதிரி உச்சரிக்க வேண்டும்.

ஐந்துக்கும் ஏழுக்கும்

ஐந்தெழுத்தும் சேர்ந்த சொல்லைத் தேட, ஒவ்வோர் எழுத்தையும் முறைவைத்து முதலில் நிறுத்துங்கள். ஏ முதலில் என்றால் 'ஆஸ்டர்' என்ற பூ. ஆர் முதலில், ரேட்ஸ். எஸ் முதலில், ஸ்டேர். டி முதலில், கண்ணீர்த்துளிகள். கூடவே காவலர்கள் கையில் இருக்கும் 'டேசர்' என்ற மின்னதிர்ச்சிக் கருவி. இ முதலில் வைத்தால் பொதுப் புழக்கத்தில் ஒன்றும் இல்லை. இல்லை என்று தெரிந்துகொள்வதும் பயன்தான், அந்தப் பக்கம் மீண்டும் போக வேண்டியதில்லை.

ஏழெழுத்துக்குப் போனால் மொத்தம் 5,040 வரிசைகள். அத்தனையையும் கண்ணால் ஓட்டி மாளாது. அங்கே கை கொடுப்பவை முன்னொட்டும் பின்னொட்டும்தான். ஏ, இ, ஐ, என், ஆர், எஸ், டி என்ற ஏழும் ஸ்கிராபிள்காரர்களின் செல்லக் கூட்டணி. இதிலிருந்து இ-ஆர் இரண்டையும் எடுத்து ஓரமாக வையுங்கள். மிச்சம் ஐந்து. அவற்றைப் புரட்டினால் 'ஸ்டெயின்' (கறை), 'ஸெயின்ட்' (புனிதர்), 'ஸாட்டின்' (பளபளக்கும் துணி). இந்த மூன்றில் எதன் பின்னால் இ-ஆர் ஒட்டும்? 'ஸ்டெயினர்', கறைபடுத்துவது. ஓரம் வைத்ததை ஐ-இ-ஆர் ஆக்கினால் 'நாஸ்டியர்' (இன்னும் மோசமான). ஆர்-இ என்று முன்னால் வைத்தால் 'ரிடெயின்ஸ்' (தக்கவைக்கிறது), 'ரெடினாஸ்' (விழித்திரைகள்). ஐ-என்-ஜி மூன்றும் ஒன்றாகக் கிடைத்தால் அதையும், இறந்தகாலம் காட்டும் ஈரெழுத்து விகுதி கிடைத்தால் அதையும் இப்படியே ஒதுக்கிவைத்துவிட்டு மிச்சத்தை மட்டும் பாருங்கள். ஸ்கிராபிளில் ஏழு வில்லையையும் ஒரே முறையில் இறக்கினால் 50 புள்ளி கூடுதல் என்பதால் இந்தப் பயிற்சி வீண்போகாது.

ஆட்டத்துக்கு ஆட்டம் விதி மாறும் என்பதையும் மறக்க வேண்டாம். எழுத்துப் பகடைகளைக் குலுக்கி ஆடும் பாகிளில் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் இருக்கும் எழுத்துகளையே கோக்க முடியும், மூன்று நிமிடம்தான். நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் ஸ்பெல்லிங் பீ என்ற புதிரில் நடு எழுத்து கட்டாயம் வரவேண்டும், நான்கெழுத்துக்குக் குறைந்தால் செல்லாது. ஆனால் ஒரே எழுத்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். அங்கே இரட்டை எழுத்துகளைத் தேடும் கண் தனியாக வேண்டும்.

ஈரெழுத்துச் சொற்களும் பொருள் பற்றிய சண்டையும்

வீட்டு விளையாட்டில் ஈரெழுத்துகளை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. ஸ்கிராபிளிலோ ஒரு சொல்லை இன்னொரு சொல்லோடு இணைக்கும் மூட்டுகள் அவைதான். ஏ-ஐ என்றால் இன்று எல்லாரும் கணினியை நினைப்பார்கள். சொற்பட்டியலில் அது மூன்று விரல் கொண்ட ஒரு தேவாங்கு போன்ற சோம்பல் விலங்கு. ஏ-ஏ என்பது ஹவாய் மொழியிலிருந்து வந்த சொல், சொரசொரப்பாக உறையும் எரிமலைக் குழம்பு. கியூ-ஐ, இசட்-ஏ இரண்டும் வட அமெரிக்கப் பட்டியலில் 2006-இல்தான் ஏறின; யு இல்லாமல் கியூவோடு தவிப்பவருக்கு அது பெரிய விடுதலை. வி உள்ள ஈரெழுத்துச் சொல் பட்டியலில் ஒன்றுகூட இல்லை, ஆகவே தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

பொருள் தெரியாத சொல்லை எழுதலாமா என்று வீட்டில் அடிக்கடி சண்டை வரும். நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015-இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டம் வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது, சில வாரங்கள் சொற்பட்டியலை மட்டும் படித்துவிட்டுப் போனார். என்னைப் போன்ற கண்ணுக்காரர்களுக்கு அவர் குலதெய்வம். இருந்தாலும் பிள்ளைகளோடு ஆடும்போது என் விதி வேறு: பொருள் சொன்னால் இரண்டு புள்ளி, சொல்லாவிட்டால் ஒன்று. அகராதியைப் புரட்ட ஒரு சாக்கு கிடைக்கிறது, சண்டையும் குறைகிறது.

தொகுப்பை நீங்களே அமைப்பதானால்

கண்ணை மூடிக்கொண்டு ஏழு எழுத்தைப் பொறுக்காதீர்கள். மெய்கள் குவிந்து சொல்லே வராது. ஒரு நல்ல சொல்லை எடுத்து உடையுங்கள். கோளைக் குறிக்கும் 'பிளானட்' அருமையான விளைநிலம்: பிளேன், பிளான்ட், பிளேட், பேனல், பெட்டல் என ஐந்தெழுத்தே இத்தனை. அதில் பி, ஏ, எல், இ நான்கை மட்டும் எடுத்தாலும் லீப், பேல், ப்ளீ, பீல் (மணியோசை) என நான்கு. 'மாஸ்டர்' என்பதைக் கலைத்தால் 'ஸ்ட்ரீம்' வரும், இரண்டும் ஆறெழுத்து. மூன்று மெய்க்கு இரண்டு உயிர் என்ற விகிதம் பெரும்பாலும் ஏமாற்றாது.

விடைப்பட்டியலை முன்கூட்டியே நீங்கள் போட்டு, எந்த அகராதி செல்லும் என்பதையும் சொல்லிவிடுங்கள். பிள்ளைகளுக்கு என்றால் இன்னொரு சோதனையும் உண்டு. எழுத்துகளுக்கு நாகரிகம் தெரியாது. நாம் இவ்வளவு நேரம் உருட்டிய ஐந்தெழுத்திலேயே நான்கெழுத்துக் கெட்ட வார்த்தை ஒன்று ஒளிந்திருக்கிறது. எது என்று சொல்லமாட்டேன். அக்கா மகள் அதை முதல் சுற்றிலேயே கண்டுபிடித்து, பொருளும் சொல்லி, இரண்டு புள்ளி கேட்டாள். கொடுத்தேன், விதி விதிதானே.

கை பழக ஒரு தொகுப்பு தருகிறேன்: எல், இ, எம், ஓ, என், எஸ். மூன்றெழுத்திலிருந்து தொடங்குங்கள், மேலே சொன்ன ஓ, என், இ கூட்டம் அப்படியே உள்ளே இருக்கிறது. எஸ்ஸையும் வாய்திறவாத இ-யையும் ஒட்டுங்கள். ஆறெழுத்தும் சேர்ந்து மூன்று சொற்கள் தரும். இரண்டு பழங்கள், ஒன்று புளிக்கும், ஒன்று இனிக்கும். மூன்றாவதுக்கு முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு தேட வேண்டும்.